நான்காவது ஜோடி

சாப்பாட்டு விரிப்பின் நடுவில், சோற்றுத் தட்டு வரவேண்டிய இடத்தில், கல்ஃபான் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் இரண்டு சென்சார்களைப் படுக்க வைத்திருந்தான். ரையா தட்டோடு நின்றாள். சோறும் சுறாவும். ஆவி அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"எங்க வைக்கிறது?"

"ரெண்டு நிமிஷம். இதுல தூசி படக்கூடாது."

"கார்ல மாட்டினப்புறம் படலாமா?"

அது வேறு, இது வேறு என்றான் கல்ஃபான். ரையா தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். விரல் நீளத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக். நுனியில் ஒரு சிறு ஜன்னல். ஜன்னலுக்குள் முடி மாதிரி ஒரு கம்பி.

மனைவி தானாக வந்து காரைப் பற்றிக் கேட்பது எப்போதாவது நடப்பது. கல்ஃபான் அதை வீணாக்கவில்லை. எஞ்சினுக்குள் போகிற காற்றை அளப்பது இதுதான் என்றான். கம்பி சூடாக இருக்கும், காற்று பட்டால் குளிரும், எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு காற்று, அதற்குத் தகுந்த பெட்ரோல். இந்தக் காருக்கு இரண்டு டர்போ, அதனால் இரண்டு மூக்கு. ரையா பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் என்பது அவனுக்கு அப்போது நினைவில் இல்லை. பொதுவாகவே அது அவன் நினைவில் இருப்பதில்லை.

"கம்பி மேல ஏதாவது படிஞ்சா?"

"படியாது. வடிகட்டி இருக்கு."

"அத நீங்க கழட்டி எறிஞ்சுட்டு, கூம்பு மாதிரி ரெண்டு மாட்டினீங்களே, மாஸின் அப்பா."

"அது ஓட்டத்துக்கு நல்லது."

"ஓ," என்றாள் ரையா. பிறகு எல்லோரும் சென்சாரைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கார் ஜப்பானில் செய்தது. வெள்ளை நிறம், இரண்டு கதவு. பின்னால் இரண்டு கைப்பைகள் உட்காரலாம். அங்கே மூத்த மகன் மாஸினும் அவன் தங்கை அஸ்ஸாவும் முழங்காலை முகவாயில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார்கள். கைக்குழந்தை ரையாவின் மடியில். கல்ஃபான் மின்சார மீட்டர் படிக்கிறவன். நாள் முழுவதும் ஒமானின் பர்கா ஊர்ச் சந்துகளில் அடுத்தவன் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. வாழ்க்கையில் அவனுக்கென்று இருந்த ஒரே சத்தம் அந்தக் கார்தான்.

நோன்புப் பெருநாளன்று ரையா அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது மடியில் குழந்தை, குழந்தைக்கு மேல் சூடாக ஒரு பானை ஹல்வா. ஒன்றரை மணி நேரம். அவள் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவளுடைய அப்பா வந்திருந்தபோது அவர் முன்னிலையில் பேசினாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்தக் கார் ஐந்து பேரையும் வழியில் நிற்காமல் ருஸ்தாக்குக்கு அந்தப் பக்கம் அம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கட்டும். இறக்கினால் அதற்கப்புறம் காரைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். நின்றால் விற்றுவிட்டு வேன். ஏழு பேர் உட்காருகிற வேன்.

கல்ஃபான் சிரித்தான். வாங்கி ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நிற்காத கார். மாமனார் முன்னால் வாக்குக் கொடுத்தான். மாமனார் முன்னால் கொடுத்த வாக்கை ஒமானில் எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

வாக்குக் கொடுத்த ஏழாவது வாரம், பர்கா ரவுண்டானாவில், பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்க, கார் இரண்டு தடவை விக்கி நின்றது. மீட்டர் பலகையில் எஞ்சின் கோளாற்றைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போக அவனுக்கு மனமில்லை. போனால் செய்தி ரையாவின் தம்பி மர்ஹூனுக்குப் போகும். மர்ஹூனுக்கு அந்தக் கார்மேல் ஏற்கெனவே கண். அதனால் கல்ஃபான் பழைய சந்தைக்குப் பின்னால் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் முராதிடம் போனான். முராத் பலூச்சி இனத்தவர். பேசுவதற்குக் காசு கேட்கிறவர் மாதிரி கொஞ்சமாகப் பேசுவார். கோளாறு படிக்கிற கருவியை அவர் இரவல் கொடுத்தார். இரண்டு காற்று சென்சாரும் கெட்டுவிட்டது என்று கருவி சொன்னது. முராத் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து வைத்தார்.

"ஸ்டாக் இருக்கா?" கல்ஃபானால் நம்ப முடியவில்லை. "இந்த ஊர்ல இந்தக் கார் என்கிட்ட மட்டும்தானே இருக்கு."

"இருக்கு," என்றார் முராத்.

கல்ஃபான் அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டான்.

சாப்பாடு முடிந்து, வெயில் இறங்கியதும் மாட்டினான். பேட்டரி வயரைக் கழற்றினான். ஒரு சென்சாருக்கு இரண்டு திருகு, ஆக மொத்தம் நான்கு. மூன்றுதான் கைக்குத் திரும்பி வந்தது. நான்காவது எஞ்சினுக்குள் எங்கோ விழுந்து ஒரு சத்தம் கொடுத்துவிட்டுக் காணாமல் போனது. இடது பக்க இணைப்பின் கிளிப் கையோடு வந்துவிட்டது. பிளாஸ்டிக் நாடாவால் கட்டினான். ஸ்டார்ட் செய்தான். கார் பழைய குரலில் உறுமியது. தெருக்கோடி ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

ரையா தூபக்காலோடு வெளியே வந்தாள். அந்தி நேரத்தில் அறை அறையாகச் சாம்பிராணி காட்டி, பிள்ளைகளின் துணிக்குக் காட்டி, அலமாரிக்குக் காட்டி முடிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவள் அந்தச் சுற்றில் காரையும் சேர்த்துக்கொண்டிருந்தாள். தினமும் அந்த நேரத்தில் கல்ஃபான் காரின் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் மூன்று சுற்று வருவாள். முன்பக்கம் வரும்போது கொஞ்சம் நின்று, தூபக்காலை அந்த இரண்டு கூம்புகளுக்குப் பக்கத்தில் பிடிப்பாள். புகை ஒழுங்காக வரிசையில் நின்று உள்ளே போகும்.

"புதுசா போட்டிருக்கீங்க. யார் கண்ணாவது பட்டுடப் போகுது," என்றாள்.

ஒன்பது வருஷம் காரை 'அது' என்று மட்டும் சொன்னவள். இப்போது குழந்தைக்குச் சுற்றுவது மாதிரி சுற்றுகிறாள். பந்தயத்தில் தோற்றாலும் பரவாயில்லை என்று அவளே நினைக்க ஆரம்பித்துவிட்டாள் என்று கல்ஃபான் முடிவு செய்தான்.

பதினோராவது நாள் அதே ரவுண்டானா, அதே விக்கல். தண்ணீர் லாரிக்காரன்கூட அதேதான். அவன் இந்தத் தடவை ஹாரன் அடிக்கவில்லை. ஜன்னலை இறக்கி, உதவி வேண்டுமா என்று கேட்டான். கல்ஃபானுக்கு அது ஹாரனைவிட வலித்தது.

முராத் குனிந்தார், எடுத்தார், வைத்தார். இரண்டாவது ஜோடி. இவ்வளவு சீக்கிரம் இரண்டும் சேர்ந்து கெடுமா என்று கல்ஃபான் கேட்டான். கெடக்கூடாது என்றார் முராத். பிறகு தன் தேநீரைப் பார்த்தார்.

கெடக்கூடாதது கெட்டால் அதற்குக் காரணம் பொருளில் இல்லை, ஆளில். கல்ஃபான் யோசித்தான். அதிகம் யோசிக்கத் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டு தாலிப், சுங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ரம்ஜானின் கடைசி வாரத்தில் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "விமானம் மாதிரி கத்துதேடா," என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான் சொன்னார். கண் படாமல் இருக்கச் சொல்கிற 'மாஷா அல்லாஹ்' சொல்லவில்லை. பேரீச்சங்குலையைப் பார்த்தால் சொல்வார், பூனைக்குட்டியைப் பார்த்தால் சொல்வார், அடுத்தவன் தொப்பியைப் பார்த்தால்கூடச் சொல்வார். காருக்குச் சொல்லவில்லை.

ரையாவிடம் சொன்னான். அவள் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தாள்.

"தாலிப் சித்தப்பாவா? பாவம். அவர் அப்படிப்பட்டவரா?"

"வேற யாரு?"

"தெரியல," என்றாள். "இன்னும் கொஞ்சம் நல்ல சாம்பிராணியா வாங்கிட்டு வாங்க. ஸலாலாவுல இருந்து வருமே, பச்சையா இருக்கும், அது. அதுல பிசின் அதிகம்."

வாங்கி வந்தான். ஆனால் கண்ணுக்கு முறையான மருந்து அது இல்லை என்பது அவனுக்குத் தெரியும். யாருடைய கண் பட்டதோ அவர் வாய் வைத்த காபியில் மிச்சத்தை எடுத்து, கண் பட்ட பொருள்மேல் தெளிக்க வேண்டும். அதுவும் அவருக்குத் தெரியாமல்.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு தாலிப்பை அழைத்தான். பேரீச்சம்பழம் வைத்தான், காபி வைத்தான். தாலிப் குடித்தார். பிரச்சினை என்னவென்றால், தாலிப் மரியாதையான மனிதர். கோப்பையில் ஒரு சொட்டு விடமாட்டார். முதல் கோப்பை காலி, இரண்டாவது காலி. மூன்றாவதைக் குடித்துவிட்டுப் போதும் என்று கோப்பையை ஆட்டினார். கல்ஃபான் ஆட்டியதைப் பார்க்காத மாதிரி மறுபடி ஊற்றினான். தாலிப் குடித்தார், ஆட்டினார். கல்ஃபான் ஐந்தாவதை விளிம்பு வரை ஊற்றினான்.

கோப்பையை விளிம்பு வரை நிரப்புவது, குடித்துவிட்டு எழுந்து போ என்று சொல்வது. தாலிப் கோப்பையைப் பார்த்தார். கல்ஃபானைப் பார்த்தார். ஒரு மிடறு மட்டும் குடித்து, கோப்பையைக் கீழே வைத்து, எழுந்து போனார். போகிற அவசரத்தில் கைத்தடியை மறந்தார்.

கல்ஃபான் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடினான். மூடியைத் திறந்தான். பிஸ்மி சொல்லி விரலால் தெளித்தான். இடது பக்கம் போதாத மாதிரி இருந்தது. சாய்த்து ஊற்றினான். காபி, நாடாவால் கட்டிவைத்த இணைப்புக்குள் நேராக இறங்கியது.

"தடிய விட்டுட்டேன்," என்று பின்னால் குரல் கேட்டது.

தாலிப் வாசலில் நின்றார். கோப்பையைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். அந்த ஊரில் பிறந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாத காட்சி அது.

"சித்தப்பா, இது வந்து..."

"அறுபத்தெட்டு வருஷம்," என்றார் தாலிப். "என் கண் பட்டு ஆடு செத்ததுன்னு ஒருத்தன்கூடச் சொன்னதில்ல. நீ அஞ்சு கோப்ப ஊத்தும்போதே நினைச்சேன், இவன் இவ்வளவு நல்லவன் இல்லையேன்னு."

தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளே சுவரின்மேல் இரண்டு வரிசைக் கல் உயர்ந்தது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இணைப்பைக் கழற்றித் துடைத்துக் காயவைத்ததும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் பாலைவனத்தில் தொலைந்த ஒட்டகம் மாதிரி ஒரு சத்தத்தோடு. கருவியைச் செருகினால் கோளாறுகளைப் பட்டியல் போட்டது. இரண்டு சென்சாரும் அதில் முதலில் இருந்தன.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஆறு நாள். முராத் குனிந்தார். மூன்றாவது ஜோடி.

இந்தத் தடவை கல்ஃபான் எதையும் விதியின் கையில் விடவில்லை. புதுக் கிளிப் போட்டான். காணாமல் போன திருகுக்குப் பதிலாக நல்ல திருகு போட்டான். மாட்டிவிட்டு அவனே ரையாவைக் கூப்பிட்டான்.

"இன்னிக்கு ஏழு சுத்து சுத்து."

"ஏழா?"

"பெருநாள் வரைக்கும் தினமும் ஏழு. கஞ்சத்தனம் பண்ணாத."

"சரி, நீங்க சொன்னா சரி," என்று உள்ளே போய்ப் பெரிய தூபக்காலை எடுத்து வந்தாள். ஆறு நாளும் கார் நின்ற இடம் தெரியாத அளவுக்குப் புகை. ஒரு நாள் தீ என்று நினைத்துத் தெருவில் யாரோ தண்ணீர் வாளியோடு வந்தார்கள்.

பெருநாளின் இரண்டாம் நாள் காலை கிளம்பினார்கள். மாமனார் வீட்டில் மண்ணுக்குள் புதைத்து வேகவைத்த இறைச்சியை நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் தோண்டி எடுப்பார்கள். அதற்குள் போக வேண்டும். ஐந்து பேர், இரண்டு பை, ஒரு பானை. சமதரையில் கார் பறந்தது. கல்ஃபான் ஜன்னலில் முழங்கையை வைத்தான். வேனைப் பற்றி ஒரு ஜோக் சொன்னான். ரையா சிரித்தாள். இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டாள்.

மலையடிவாரத்தில் முதல் ஏற்றம். கல்ஃபான் மிதித்தான். கார் விக்கியது. மறுபடி மிதித்தான். மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் காரே முடிவெடுத்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் இருபதுக்கு மேல் போக மாட்டேன் என்றது. ஒரு பிக்கப் முந்திப் போனது. தீவனக் கட்டு ஏற்றிய லாரி முந்திப் போனது. அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆள் கையசைத்தான். மாஸின் முழங்காலுக்கு நடுவிலிருந்து கையை எடுத்துப் பதிலுக்கு அசைத்தான். பிறகு இருபதும் இல்லை. ஒரு இலந்தை மரத்தடியில், வீட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது, நின்றது.

ரையா குழந்தையை மறு தொடைக்கு மாற்றினாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மர்ஹூன் பிக்கப்பில் கயிறோடு வந்தான். இறங்கி, காரை ஒரு தடவை சுற்றி வந்தான்.

"மச்சான், ரெண்டு டர்போன்னு சொன்னீங்க. இழுக்கிறதுக்கு என் வண்டிதான் மூணாவதா?"

"கயிறக் கட்டு."

"கட்றேன். மெதுவா வரேன், உங்க காருக்கு வேகம்னா பழக்கமில்ல பாருங்க."

மாமனார் வீட்டு முற்றத்தில் மொத்தக் குடும்பமும் குழியைச் சுற்றி நின்றது. கயிற்றில் கட்டிய கார் உள்ளே வந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக மறுபடி குழியைப் பார்த்தார்கள். மாமனார் மட்டும் வந்து தோளில் கை வைத்தார். வாக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கை அதைத்தான் கேட்டது.

எல்லோரும் இறைச்சிக்குப் போன பிறகு கல்ஃபான் கடைசியாக ஒரு தடவை மூடியைத் திறந்தான். கூம்பைக் கழற்றி, குழாய்க்குள் விரலை விட்டான். விரல் ஒட்டியது. வெளியே எடுத்துப் பார்த்தான். தேன் நிறத்தில் ஒரு பிசுக்கு. முகர்ந்தான். கல்யாண வீட்டு மணம்.

சென்சாரைக் கழற்றினான். முடி மாதிரி இருந்த கம்பி இப்போது வறுத்த சேமியா மாதிரி இருந்தது. பச்சைச் சாம்பிராணி, முதல் தரம், பிசின் அதிகம்.

நிமிர்ந்தான். முற்றத்தின் அந்தப் பக்கம் ரையா தூபக்காலோடு பெண்களின் தலைமுடிக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். மூன்று சுற்று, ஏழு சுற்று, கூம்புப் பக்கத்தில் கொஞ்சம் நின்று பிடித்தது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தாலிப் ஞாபகம் வந்தார். ஏழு சுற்றச் சொன்னது யார் என்பதும் ஞாபகம் வந்தது.

துடைத்தால் சரியாகிவிடும். ஒரு புட்டி ஸ்பிரிட், அரை மணி நேரம். எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னால் மாமனார்கூட ஒத்துக்கொள்வார், நின்றது கார் குற்றமில்லை, புகையின் குற்றம் என்று. கார் தப்பிக்கும். ஆனால் ரையா என்ன ஆவாள்? கணவனின் காரைக் காப்பாற்ற இரண்டு மாதம் தினமும் நெருப்போடு சுற்றியவள். தன் கையாலேயே அதைக் கொன்றாள் என்று அவளுடைய சொந்தக்காரர்கள் நடுவில் வைத்துச் சொல்வதா?

கல்ஃபான் நல்லவன் என்று யாரும் சொன்னதில்லை, தாலிப் உட்பட. ஆனால் அந்த நிமிஷத்தில் விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு மூடியைச் சாத்தினான். குழிப் பக்கம் போய், எஞ்சினே போய்விட்டது, வாக்கு வாக்குதான், காரை விற்றுவிடுகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே," என்றாள் ரையா.

"வெறும் இரும்புதானே."

அவள் கண் கலங்கியது. தொடைப் பக்கத்திலிருந்து நல்ல துண்டாகப் பிய்த்து அவன் முன்னால் வைத்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. மர்ஹூன் மென்றுகொண்டே, காரைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

இரண்டு வாரத்தில் வேன் வந்தது. ஏழு இருக்கை, சாம்பல் நிறம், சத்தமே இல்லை. பிள்ளைகள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போனார்கள். ரையா வேனுக்குச் சாம்பிராணி காட்டவில்லை. பழைய வருத்தத்தைக் கிளறக்கூடாது என்பதற்காக இருக்கும் என்று கல்ஃபான் புரிந்துகொண்டான். அந்த நயம் அவனுக்குப் பிடித்திருந்தது.

இரவல் வாங்கிய கருவியைத் திருப்பிக் கொடுக்க வேனிலேயே முராத் கடைக்குப் போனான். தியாகம் செய்தவனுக்கு அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். முராத் பேசாதவர், பாதுகாப்பானவர். அதனால் எல்லாவற்றையும் சொன்னான். விரலில் ஒட்டிய பிசின், சேமியா மாதிரி கம்பி, தான் காத்த மௌனம்.

"ரையாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிடுவா."

முராத் வழக்கம்போலக் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்து வைத்து, அதன்மேல் இருந்த தூசியை ஊதினார்.

"நோன்புப் பெருநாள் முடிஞ்ச வாரமே ரையா டீச்சர் வந்து, சாம்பிராணிப் புகை பட்டா எந்தப் பாகம் முதல்ல போகும்னு கேட்டுட்டு, நாலு ஜோடி வரவழைச்சு வைங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க, நீ மூணுலயே விழுந்துட்டியேப்பா."